மாமல்லபுரத்துச் சிலேடைப் புதிர்கள்

பல்லவர் காலத்தில், கி.பி. 7, 8ஆம் நூற்றாண்டுகளில், மாமல்லபுரத்திலும் காஞ்சிபுரத்திலும் வழங்கிய இருபொருள் செய்யுள்களையும் எழுத்துப் புதிர்களையும் இப்பெயரால் குறிக்கலாம். இவை வடமொழியில் அமைந்தவை. இவற்றில் சில மாமல்லபுரத்தில் பாறையில் வெட்டப்பட்டுள்ளன. ஒன்று தண்டி எழுதிய காவியாதர்சம் என்னும் அணி இலக்கண நூலில் உள்ளது. மேலோட்டமாகப் படித்தால் ஒரு பொருள், சொல்லைப் பிரித்தோ எழுத்தை எண்ணியோ படித்தால் இன்னொரு பொருள் என்பது இவற்றின் பொது இயல்பு. இன்றைய நாளிதழ்களில் வரும் மறைகுறிப்புக் குறுக்கெழுத்தும் இதே வழியில்தான் இயங்குகிறது.

தண்டியும் காஞ்சிப் புதிரும்

தண்டி காஞ்சிபுரத்தில் வாழ்ந்தவர், காலம் கி.பி. 700ஐ ஒட்டியது. அவர் எழுதிய அவந்திசுந்தரி என்னும் உரைநடைக் காவியத்தின் கிடைத்த பகுதி 1924இல் சென்னையில் அச்சேறியது. அதில் மாமல்லபுரத்துக்கு வந்த செய்தியை அவரே சொல்கிறார். கடற்கரையில் பள்ளிகொண்ட திருமாலின் சிலையில் கை உடைந்திருந்தது. லலிதாலயன் என்ற சிற்பி அதை ஒட்டியிருந்தான். ஒட்டு தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லும்படி தண்டியை அழைத்தான். தைத்த இடம் தெரியாமல் தைப்பது புதிர் கட்டுபவனுக்கும் வேண்டிய கலை என்பதால், அவன் சரியான ஆளைத்தான் அழைத்திருக்கிறான்.

காவியாதர்சத்தின் மூன்றாம் பகுதியில் தண்டி பிரகேளிகை எனப்படும் புதிர்களை 16 வகையாகப் பிரிக்கிறார். சந்தியால் சொல் மறைவது ஒரு வகை. ஊரறிந்த பொருளைக் காட்டி வேறு பொருளில் ஏமாற்றுவது ஒரு வகை. எழுத்துகளின் எண்ணிக்கையைக் கொண்டு சொல்லைக் கண்டுபிடிக்க வைப்பது ஒரு வகை. இந்த எண்ணிக்கை வகைக்கு அவர் தரும் எடுத்துக்காட்டு அவருடைய ஊரைப் பற்றியதே. நடுவில் மூக்கொலி உடையதாய், சுற்றிலும் நான்கு வருணங்களால் அழகு பெற்றதாய் ஒரு நகரம் இருக்கிறது. அதை ஆளும் அரசர்களின் பெயர் எட்டு வருணங்கள் கொண்டது என்பது குறிப்பு.

நான்கு வருணம் என்றதும் படிப்பவர் நான்கு குலங்களை நினைப்பார். பொறி அங்கே இருக்கிறது. வடமொழியில் வருணம் என்றால் எழுத்து என்றும் பொருள். காஞ்சீ என்பதை ஒலி ஒலியாகப் பிரித்தால் க், ஆ, ஞ், ச், ஈ என ஐந்து. நடுவில் நிற்கும் ஞ் மெல்லெழுத்து. முன்னும் பின்னுமாக நான்கு. அடுத்து அரசர்கள். பல்லவா: என்று விசர்க்கத்தோடு எழுதிப் பிரித்தால் ப், அ, ல், ல், அ, வ், ஆ, விசர்க்கம் என எட்டு. உரை மரபு சொல்லும் விடை இதுதான்: நகரம் காஞ்சி, அரசர்கள் பல்லவர்.

புதிரின் நேர்மை கவனிக்கத் தக்கது. நான்கு குலத்தாரும் வாழும் செழிப்பான நகரம் என்ற மேற்பொருளும் பொய்யில்லை. எழுத்துக் கணக்கும் ஒன்று கூடாமல் குறையாமல் வருகிறது. ஒரு சொல்லும் வீணாக நிற்கவில்லை. இன்றைய புதிர் அமைப்பாளர் எவருக்கும் இதை மாதிரியாகக் காட்டலாம்.

தருணாங்குரன் செய்யுள்

மாமல்லபுரத்தில் கணேச ரதத்திலும் தர்மராஜ மண்டபத்திலும் ஒரே 11 செய்யுள்கள் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. எழுத்து வடிவத்தையே முதலில் அவிழ்க்க வேண்டியிருந்தது. பெஞ்சமின் பாபிங்டன் இங்குள்ள எழுத்துகளைப் படித்து 1830இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் முழுப் பாடத்தையும் மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார்.

முதற் செய்யுளிலேயே இருபொருள் தொடங்கிவிடுகிறது. காமனை அழித்த சிவன் ‘அத்யந்தகாம’னுக்கு அருளட்டும் என்ற வேண்டுதல் அதில் உள்ளது. அச்சொல்லை எல்லையற்ற விருப்பம் என்று எடுத்தால் உலகோர் விருப்பம் நிறைவேறட்டும் என்று பொருள். பட்டப்பெயராக எடுத்தால் அரசன் வாழட்டும் என்று பொருள். காமத்தை அழித்தவனிடமே காமம் மிக்கவனுக்காக வரம் கேட்கும் குறும்பு வேறு.

தருணாங்குரன் என்ற பட்டத்தோடு அரசனைப் போற்றும் செய்யுள்தான் இவற்றில் மிகச் செறிவானது. அவன் ராஜராஜன், ஆனால் விரசன் அல்லன். சக்கரம் ஏந்தியவன், ஆனால் ஜனார்த்தனன் அல்லன். தாரகாதிபதி, ஆனால் நலமாக இருப்பவன். முதல் வாசிப்பில் இது உளறலாகத் தோன்றும். சக்கரம் ஏந்திய திருமாலுக்குத்தானே ஜனார்த்தனன் என்று பெயர்? பிரித்துப் பார்த்தால் ஜன, அர்த்தன: மக்களை வருத்துபவன். சக்கரம் என்பது ஆணைச் சக்கரம். பேரரசன்தான், ஆனால் குடிகளைத் துன்புறுத்தாதவன் என்று பூட்டுத் திறக்கிறது. குபேரனுக்கும் ராஜராஜன் என்று பெயர் உண்டு. விரசன் என்றால் அழகற்றவன்; குபேரனிடம் உள்ள அந்த விகாரம் இவனிடம் இல்லை. தாரகாதிபதி என்றால் விண்மீன்களின் தலைவனான சந்திரன். தாரகர் என்பதைக் காப்பவர் என்று எடுத்தால் காவலர்களின் தலைவன். சந்திரன் தேய்வான்; அரசன் தேயான். மூன்று தேவர்களோடு ஒப்பிட்டு, மூவரிடமும் குறை கண்டு, அரசனை ஒரு படி மேலே ஏற்றும் செய்யுள் இது. துதிக்குத் துதி, வம்புக்கு வம்பு.

தருணாங்குரன் என்ற பட்டத்துக்கு இளந்தளிர் என்று பொருள். பல்லவம் என்றாலும் தளிர்தான். குலப்பெயரைச் சொல்லாமல் சொல்லும் இந்த உத்தியைக் குறுக்கெழுத்துக்காரர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

தமிழில்

காவியாதர்சத்தைத் தழுவிய தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என்று பிரிக்கிறது. சொல்லை உடைக்காமலே இருபொருள் வந்தால் முன்னது. ஜனார்த்தனனைப் போல உடைத்தால்தான் வரும் என்றால் பின்னது. அந்நூலின் சொல்லணியியலில் உள்ள சித்திரகவிகளில் பாதி, பெயரை மாற்றினால் இன்றைய புதிர் உத்திகளே. எழுத்தைக் கூட்டிக்கொண்டே போவது எழுத்துவருத்தனம். குறைத்துக்கொண்டே போவது அக்கரச்சுதகம். பல கேள்விகளின் விடைகள் சேர்ந்து ஒரே சொல்லாவது வினாவுத்தரம். ஒரு பாட்டுக்குள் இன்னொன்று ஒளிந்திருப்பது கரந்துறைச்செய்யுள்.

‘தலையிழந்த தவளை கையில் ஏறும் (2)’ என்று ஒரு குறிப்பு அமைப்போம். தவளையின் முதலெழுத்துப் போனால் வளை, இரண்டெழுத்து. கையில் ஏறுவதும் வளை. இது அக்கரச்சுதகத்தின் சிறிய வடிவம். தமிழில் ஓர் உயிர்மெய் ஒரு கட்டத்தில் அடங்குவதால் ஆங்கிலத்தைப் போல எழுத்துகளைக் கலைத்துப் போடும் வித்தைக்கு இடம் குறைவு. க வேறு, கா வேறு. அதற்கு ஈடாகச் சொல் பிரிப்பும் இருபொருளும் நம் மொழியில் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆழி என்ற ஒரு சொல்லே கடலாகவும் சக்கரமாகவும் மோதிரமாகவும் நிற்கும். அமெரிக்காவிலிருந்து வரும் தென்றல் இதழில் வாஞ்சிநாதன் அமைத்த குறுக்கெழுத்துப் புதிர்கள் இந்த வளத்தை நம்பியவை.

குறுக்கெழுத்து என்ற கட்டம் ஆர்தர் வின் 1913இல் நியூயார்க்கில் வெளியிட்ட புதிரிலிருந்து தொடங்குகிறது. மறைகுறிப்பு முறை 1920களில் இங்கிலாந்தில் டார்க்கெமாடா என்ற புனைபெயரில் எழுதிய மாதர்ஸ் கையில் வளர்ந்தது. அதற்கான நேர்மை விதிகளை 1966இல் ஜிமெனெஸ் என்ற புதிர் அமைப்பாளர் நூலாக எழுதினார். விடைக்கு நேரான பொருள் ஒன்று, சொல் விளையாட்டு ஒன்று, இவற்றைத் தவிர வேறெதுவும் குறிப்பில் இருக்கக் கூடாது என்பது அவ்விதிகளின் சாரம்.

சிற்பமும் சிலேடையும்

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தையும் இதே கண்ணோடு படித்தவர்கள் உண்டு. ஒற்றைக் காலில் நிற்கும் தவசி அர்ச்சுனன் என்பது பழைய வழக்கு. 1914இல் விக்டர் கோலுபெவ் அது பகீரதன் தவமும் கங்கை இறங்குதலும் என்றார். 1994இல் பத்மா கைமல் இரண்டும் வேண்டுமென்றே சேர்த்து வைக்கப்பட்டவை என்று வாதிட்டார். அருகிலேயே ஒரு பூனை அதே தவக்கோலத்தில் நிற்க, எலிகள் அதைச் சுற்றி நிற்கின்றன. அதைப் பார்த்த பின் இந்த வாதத்தை எளிதில் தள்ள முடியாது.

அவிழாத விடை

செய்யுள்களின் பொருள் தெளிந்துவிட்டது. பாட்டுடைத் தலைவன் யார் என்பது தீரவில்லை. அத்யந்தகாமன், ஸ்ரீநிதி, ரணஜயன் எனப் பட்டங்கள் வருகின்றன, இயற்பெயர் இல்லை. முதலாம் பரமேசுவரவர்மன் என்பர் சிலர். தொல்லியலாளர் இரா. நாகசாமி 1962இல் மாமல்லபுரத்துச் சின்னங்கள் அனைத்தும் அவன் மகன் ராஜசிம்மனுடையவை என்றார். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் ராஜசிம்மன் அடுக்கிய நூற்றுக்கணக்கான பட்டங்களில் அத்யந்தகாமனும் உண்டு. ஆயினும் பட்டங்கள் தந்தைக்கும் மகனுக்கும் பொதுவாக வழங்கியிருக்கலாம் என்ற மறுப்பு நிற்கிறது.

கல்வெட்டு தன் கோயிலுக்கு இட்ட பெயர் அத்யந்தகாம பல்லவேசுவர கிருகம், கட்டப்பட்டது சிவனுக்கு. கணேச ரதத்தின் கருவறையில் இன்று இருப்பவர் பிற்காலத்தில் வைக்கப்பட்ட பிள்ளையார்.