ஆளுக்கு ஒரு வாக்கிலிருந்து பங்குக்கு ஏற்ற வாக்கு வரை: பெங்களூருச் சங்கங்களில் நிர்வாகக் குழுவும் துணைக்குழுவும்

பெங்களூரின் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களில் எழும் சச்சரவுகள் பெரும்பாலும் வாக்கு எண்ணிக்கையில் வந்து நிற்கின்றன. யாருக்கு எவ்வளவு வாக்கு, கோரம் சேர்ந்ததா, பெரும்பான்மை எது என்பவையே வாதப்பொருள். இந்நகரின் சங்கச் சட்டங்களைக் காலவரிசையில் வைத்துப் படித்தால், ஒரு நூற்றாண்டுக்குள் வாக்கின் அடிப்படை ஆளிலிருந்து சொத்துக்கு நகர்ந்திருப்பது தெரியும். அந்த நகர்வில் சிறு பங்குடையவர் இழந்ததை ஈடுகட்டச் சட்டமே இரண்டு காவல்களை அமைத்தது. ஒன்று பதவிச் சுழற்சி, மற்றொன்று திறந்த கணக்கு. இவ்விரண்டும் தளர்ந்த இடத்தில் வாக்குரிமை சடங்காகிவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கம் கூட்டுறவு இயக்கத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. மறு ஆண்டே மைசூர் சமஸ்தானம் தனக்கென ஒரு சட்டம் இயற்றியது. 1905-லேயே பெங்களூரு நகரக் கூட்டுறவுச் சங்கமும் பிறந்தது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் உறுப்பினருக்கு ஒரே வாக்கு என்பது கூட்டுறவின் உயிர்க்கொள்கை. கடன் சுமையிலிருந்து மீளச் சேர்ந்தவர்களின் சங்கத்தைப் பணம் படைத்த சிலர் பங்குகளை வாங்கிக் கைப்பற்றிவிடக் கூடாது என்பதே அதன் நியாயம். 1959-ன் கர்நாடகக் கூட்டுறவுச் சங்கச் சட்டமும் அந்த நெறியைக் காத்ததோடு, உறுப்பினர் நேரில் வந்தே வாக்களிக்க வேண்டும் என்றும் விதித்தது.

1972-ன் கர்நாடக அடுக்குமாடி உடைமைச் சட்டம் வேறு மரபில் வந்தது. 1970-ன் மகாராஷ்டிரச் சட்டத்தோடு அதன் வாசகங்கள் பெரிதும் ஒத்துப்போகின்றன. இரண்டிலும் 1962-ல் அமெரிக்கக் கூட்டரசின் வீட்டுவசதி நிர்வாகம் வகுத்த மாதிரிச் சட்டத்தின் சாயல் தெரிகிறது. கர்நாடகச் சட்டப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் பொதுப் பகுதிகளில் பிரிக்கப்படாத பங்கு உண்டு. அது வீட்டின் மதிப்பைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. பெரும்பான்மை என்பது தலைகளின் எண்ணிக்கை அன்று. கட்டடத்துக்கான அறிவிப்புப் பத்திரம் வீடுகளுக்கு ஒதுக்கிய வாக்கு விழுக்காட்டில் 51 அல்லது அதற்கு மேல். ஆகவே விற்காத வீடுகள் பல கையிருப்பில் உள்ள கட்டுநர், கூட்டத்தில் ஓர் ஆளாக உட்கார்ந்தாலும் பல வீடுகளின் வாக்கோடு உட்காருகிறார். இதை உணர்ந்ததுபோல், மேலாளர் குழுவில், அதாவது சங்கத்தின் நிர்வாகக் குழுவில், மூன்றில் ஒரு பங்கினரின் பதவிக்காலமாவது ஆண்டுதோறும் முடிய வேண்டும் என்றும், வரவு செலவுப் புத்தகத்தை உரிமையாளர் எவரும் வேலைநாட்களில் பார்வையிடலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

அன்றாட முடிவுகளின் உண்மையான பிறப்பிடம் துணைக்குழு என்பதால் இக்காவல்கள் இன்னும் முக்கியமாகின்றன. தண்ணீர் லாரிக்கு யாரை அமர்த்துவது, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையப் பராமரிப்பை யாரிடம் ஒப்படைப்பது, காவல் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா என்பதையெல்லாம் ஒரு துணைக்குழு விசாரித்து, விலைப்புள்ளிகளை ஒப்பிட்டுப் பரிந்துரைக்கிறது. முடிவெடுக்கும் அதிகாரம் நிர்வாகக் குழுவினுடையது. ஆயினும் மூன்று விலைப்புள்ளிகளில் எவை மேசைக்கு வர வேண்டும் என்று தீர்மானிப்பவர், வாக்கெடுப்புக்கு முன்பே பாதி முடிவை எடுத்துவிடுகிறார்.

இந்த ஆபத்தை உத்தரமேரூர்ச் சபை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடும்பு எனப்பட்ட 30 ஊர்ப் பிரிவுகளிலிருந்து குடவோலைக் குலுக்கல் வழியே ஆட்களைத் தேர்ந்து, வாரியம் எனப்பட்ட குழுக்களில் சம்வத்சர வாரியத்துக்கு 12, தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6 பேர் என வகுக்கின்றன. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவரும் அப்படியே. அது நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமணருக்கு மட்டுமே திறந்திருந்த சபை. அதை மக்களாட்சி என்று கொண்டாடுவது பொருந்தாது. குலுக்கலுக்கும் வாக்குக்கும் வேறுபாடு உண்டு. ஆனால் சுழற்சியும் கணக்கும் தேர்வுமுறையைச் சாராதவை. எந்த முறையில் வந்தவரையும் அவை கட்டுப்படுத்தும்.

பராமரிப்புச் செலவைப் பங்குக்கேற்பச் சுமப்பவருக்கு வாக்கும் பங்குக்கேற்ப இருப்பதே நீதி என்பர் சிலர். செலவுப் பங்கீட்டில் அந்த வாதம் வலுவானது. குடிநீரும் பாதுகாப்பும் சிறிய வீட்டுக்கும் பெரிய வீட்டுக்கும் ஒரே அளவு தேவை என்பதால், எல்லா முடிவுகளுக்கும் அதை நீட்ட இயலாது. அனுபவசாலிகளை மாற்றினால் நிர்வாகம் தடுமாறும் என்பது இன்னொரு மறுப்பு. மூன்றில் ஒரு பங்கு மட்டுமே விலகும்போது மீதி அனுபவம் குழுவிலேயே தங்குகிறது; வழக்கமாக நிற்கத் தயங்குவோருக்கும் இடம் பிறக்கிறது. வாக்கு விழுக்காட்டை மாற்றச் சட்டத்தோடு போராட வேண்டும். ஆனால் கணக்கை ஒப்படைக்காத துணைக்குழு உறுப்பினர் அடுத்த தேர்தலில் நிற்கலாகாது என்று சங்கத்தின் துணைவிதியில் ஒரு வரி சேர்க்க, ஒரு பொதுக்குழுத் தீர்மானத்தோடு தொடங்கலாம். சிறு பங்குடையவர்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.