கோர்ட்ல சண்டை போடாம விவாகரத்து வாங்கலாமா? புதுச்சேரி தம்பதிகள் தெரிஞ்சுக்க வேண்டியவை

புதுச்சேரி: "ரெண்டு பேருமே பிரியணும்னு முடிவு பண்ணிட்டோம். அப்புறம் எதுக்கு வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு அலையணும்?" பலரும் கேட்கும் கேள்வி இது. சண்டையைத் தவிர்க்கலாம். ஆனால் நீதிபதியைத் தவிர்க்க முடியாது.

சட்டம் என்ன சொல்லுது?

இந்து திருமணச் சட்டத்தில் 1976-ல் சேர்க்கப்பட்ட 13பி பிரிவுதான் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கான வழி. குறைந்தது ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். இருவரும் சேர்ந்தே மனு கொடுக்கணும். யார் மேலயும் பழி போட வேண்டியதில்லை. 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் மறுபடியும் சம்மதத்தை உறுதி செய்யணும்.

ஒன்றரை வருஷத்துக்கு மேல் பிரிந்திருந்து, ஜீவனாம்சம், குழந்தை விவகாரம் எல்லாம் பேசி முடிஞ்சிருந்தால், 6 மாத காத்திருப்பை கோர்ட் தளர்த்தலாம். 2017-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது இது.

பேசி முடிக்க யார் உதவுவாங்க?

குடும்பநல நீதிமன்றம் சமரசத்துக்கு அனுப்பும். சமரசர் தீர்ப்பு சொல்ல மாட்டார், பேச வைப்பார். அங்கே பேசுவது ரகசியம்.

அமெரிக்க வக்கீல் ஸ்டூவர்ட் வெப் 1990-ல் தொடங்கிய முறை இன்னொரு வகை. இதில் பேச்சு முறிஞ்சு வழக்கானால் இரண்டு வக்கீல்களும் விலகிடணும். அதனால் அவங்களுக்கும் சமாதானத்தில்தான் அக்கறை. இந்தியாவில் இதுக்குத் தனிச் சட்டம் இல்லை.

பிரெஞ்சு குடியுரிமை இருந்தால்?

பிரான்ஸில் 2017 ஜனவரி முதல், ஆளுக்கொரு வக்கீல் வைத்து ஒப்பந்தம் போட்டு நோட்டரியிடம் பதிந்தாலே பெரும்பாலும் விவாகரத்து கிடைத்துவிடும். கோர்ட் தீர்ப்பு இல்லாத அந்தப் பத்திரத்தை மட்டும் நம்பி இங்கே மறுமணத்துக்குத் தயாராக வேண்டாம். முதலில் வக்கீலிடம் கேளுங்க.

இன்னொரு விஷயம்: பிரெஞ்சு ஆட்சியில் தங்கள் சமூகத் தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற 'ரெனோன்சான்' குடும்பங்களுக்கு இந்து திருமணச் சட்டமே பொருந்தாது.

கையெழுத்துக்கு முன்...

ஊர்ப் பெரியவங்க முன்னாடி வெறும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் விவாகரத்து ஆகிடாது. அடிக்கும் மிரட்டலுக்கும் பயந்து கொடுப்பது சம்மதமே இல்லை. அதை நீதிபதியிடம் நேரடியா சொல்லலாம். தீர்ப்புக்கு முன் சம்மதத்தை வாபஸ் வாங்கவும் உரிமை உண்டு.

பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. புதுச்சேரி சட்டப்பணிகள் ஆணையத்தை அணுகலாம்.