இன்ச் மட்டும் போதுமா?

விளாத்திகுளத்தில் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் டைப் அடித்துத் தரும் நண்பர் ஒருவர் போன் பண்ணினார்.

“அண்ணாச்சி, 24 இன்ச் மானிட்டரை ஓரங்கட்டிட்டு 32 இன்ச் வாங்கிட்டேன். எழுத்து பெருசாத்தான் இருக்கு. ஆனா ஓரமெல்லாம் சொரசொரன்னு தெரியுது. ஏமாந்துட்டேனோ?”

ஏமாறவில்லை. ஒரு கேள்வி கேட்க மறந்துவிட்டார், அவ்வளவுதான். அந்தக் கேள்வியோ அவர் வட்டாரத்துக்கு ரொம்பப் பழசு!

விளாத்திகுளத்துப் பக்கத்துக் கடலோர ஊர்களான வேம்பாரும் வைப்பாரும் முத்துக்குளித்துறையின் ஏழு ஊர்களில் இரண்டு. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல். அந்த நாளில் முத்துகளைத் தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் வைத்திருந்தார்கள். முதல் சல்லடையில் 20 ஓட்டை. அப்புறம் 30, 50, 80, 100 என்று ஏறி, கடைசியில் 1,000. எண் கூடக் கூட ஓட்டை சின்னதாகும், சலிப்பதும் நைஸாகும்.

மானிட்டரையும் இப்படி ஒரு சல்லடையாக நினைத்துக்கொள்ளுங்கள். ‘ஃபுல் ஹெச்.டி.’ என்றால் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 புள்ளிகள். மொத்தம் சுமார் 20 லட்சம். 24 இன்ச் திரையில் ஓர் இன்ச்சுக்கு 92 புள்ளி விழும். அதே 20 லட்சத்தை 32 இன்ச்சில் பரப்பினால் 69-தான்! ‘ஞ’வின் சுழிக்கும் ‘ணை’யின் வளைவுக்கும் இது பத்தாது. 32 இன்ச்தான் வேண்டுமென்றால் 2,560-க்கு 1,440 கேட்டிருக்க வேண்டும். பழைய 92 திரும்பக் கிடைத்திருக்கும்.

முத்து வியாபாரிகள் சல்லடையோடு நிற்கவில்லை. உருட்சி, ஒளி இரண்டையும் கண்ணால் பார்த்தார்கள். இரண்டிலும் தேறியதுதான் ஆணி முத்து. கோணலான பெரிய முத்துக்கு அந்தப் பேர் கிடையாது.

மானிட்டரின் ஒளியைப் பார்க்க, பக்கவாட்டில் நின்று பாருங்கள். நிறம் மங்கினால் மட்டம். 1996-ல் ஹிட்டாச்சி கொண்டுவந்த ‘ஐ.பி.எஸ்.’ வகையில் நிறம் அவ்வளவாக மாறாது. பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகையின் கலரைத் தேர்ந்தெடுக்கும் பெண்வீட்டாருக்கு இது முக்கியம். கடைக்காரர் 144 ஹெர்ட்ஸ் என்பார். அது விளையாட்டுப் பிள்ளைகளுக்கு. டைப் அடிக்க 60 தாராளம்.

நண்பரிடம், “மானிட்டரைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வையுங்கள், சொரசொரப்பு குறையும்” என்றேன். நீங்கள் வாங்கப் போனால், கடையில் ஓடும் கலர் படத்தில் மயங்காதீர்கள். “ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறங்க” என்று சொல்லுங்கள்.

‘ஞ’ சொல்லிவிடும்!