கெடு தாண்டிய நூலும் பூட்டிய பீரோவும்

கெடு தாண்டியும் திரும்பாத நூல் என்றால் மறதிக்கார மாணவன் ஒருவன்தான் உடனே நினைவுக்கு வருகிறான். தமிழ்நாட்டுப் பள்ளி நூலகங்களின் கதையில் அவனுக்குச் சிறிய வேடம்தான். நடுவில் நிற்பவர் நூலகப் பொறுப்பைச் சுமந்த ஆசிரியர். பெரும்பாலான பள்ளிகளில் நூலகர் என்று தனியாக ஒருவர் இருந்ததில்லை; தமிழாசிரியரோ வேறு பாட ஆசிரியரோ தம் பாடவேளைகளுக்கு நடுவே அந்த வேலையையும் பார்த்தார். நூல் வந்தால் பதிவேட்டில் எண் போட்டு, முத்திரை குத்தி, பீரோவில் அடுக்க வேண்டும். மாறுதலில் போகும்போது எண்ணிக் காட்டிப் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் தணிக்கையில் கேள்வி வரும். எத்தனை பிள்ளைகளைப் படிக்க வைத்தார் என்ற கேள்வி மட்டும் அந்தக் கணக்கில் எழாது. இப்படியோர் ஏற்பாட்டில் விவரம் தெரிந்தவர் என்ன செய்வார்? பீரோவைப் பூட்டிச் சாவியைப் பத்திரப்படுத்துவார். அவரைச் சோம்பேறி என்று ஏசுவது எளிது. பூட்டியது அவர் கைதான். பூட்ட வைத்தது கணக்கு முறை.

நூலைக் கட்டி வைப்பது நம் ஊர்க் கண்டுபிடிப்பு அல்ல. கையெழுத்துப் பிரதிகள் பெரும் விலை பெற்ற காலத்தில் ஐரோப்பாவில் நூல்களை இரும்புச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்தார்கள். இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டு பேராலயத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம். அங்குள்ள சங்கிலி அலமாரிகள் 1611ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. ஐரோப்பாவில் அச்சுக்கலை பரவி அப்போது 150 ஆண்டு ஆகியிருந்தது. நூலின் விலை இறங்கிய பிறகும் பயம் இறங்கவில்லை. சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் இந்தச் சங்கிலிக் காலத்தை நன்றாகக் கவனித்தவர். 1931இல் வெளியான நூலில் அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுவதற்கே என்பது. காப்பதற்கு என்று அவர் சொல்லவில்லை. தம் பல்கலைக்கழக நூலகத்தில் வாசகர் தாமே அடுக்குக்குப் போய் நூலை எடுக்கவும் வழி செய்தார். அவருடைய முயற்சியின் பயனாக 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அது பொது நூலகத்துக்கான சட்டம். பள்ளியின் பீரோ மேசை நாற்காலிகளோடு தளவாடக் கணக்கிலேயே தங்கிவிட்டது.

அந்தத் தேக்கத்துக்கு நல்ல சாட்சி, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952–53இல் பணியாற்றிய இடைநிலைக் கல்விக் குழுவின் அறிக்கை. நாட்டின் மிகப் பெரும்பாலான பள்ளிகளில் நூலகம் என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை என்று அது பட்டவர்த்தனமாகச் சொன்னது. இருக்கும் நூல்கள் பழையவை, மாணவர் விருப்பம் பாராமல் வாங்கப்பட்டவை. பொறுப்பில் இருப்பவர் ஓர் எழுத்தராகவோ அக்கறையற்ற ஆசிரியராகவோ இருக்கிறார். அவருக்கு நூல் மீது காதலும் இல்லை, நூலகப் பயிற்சியும் இல்லை. குழு கண்டது சரி. காரணத்தை மட்டும் ஆளின் குணத்தில் தேடிவிட்டதோ என்று எனக்கு ஐயம். நூல் மீது காதல் உள்ளவரையே அந்த நாற்காலியில் உட்கார வைத்து, தொலைந்த ஒவ்வொரு பிரதிக்கும் நீங்கள்தான் பொறுப்பு என்றால், அந்தக் காதல் எத்தனை தணிக்கையைத் தாங்கும்?

அபராதம் போட்டால் நூல் தானாக வந்துவிடும், ஆசிரியரும் பயப்பட வேண்டியதில்லை என்பார்கள். பிற நாட்டுப் பொது நூலகங்கள் நெடுங்காலம் நாள் கணக்கில் அபராதம் வாங்கித்தான் நடந்தன. ஆனால் சம்பாதிக்கும் பெரியவருக்குப் போட்ட ஏற்பாடு அது. பள்ளிப் பிள்ளைக்கு வருமானம் இல்லை; அபராதம் அப்பாவின் சட்டைப் பையிலிருந்து வர வேண்டும். அதை வீட்டில் சொல்ல அஞ்சும் பிள்ளை நூலை ஒளித்து வைக்கும், அல்லது அடுத்த முறை நூலே எடுக்காது. பெரியவர்களிடமும் இந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்ததா என்ற சந்தேகம் அங்கேயே எழுந்துவிட்டது. அமெரிக்க நூலகச் சங்கம் 2019இல் அபராதத்தைச் சமூக ஏற்றத்தாழ்வின் ஒரு வடிவம் என்று தீர்மானம் போட்டது. அதே ஆண்டு அயர்லாந்தின் பொது நூலகங்களும் சிகாகோ நகர நூலகமும் தாமத அபராதத்தைக் கைவிட்டன. சிகாகோவில் உடனே நூல்கள் குவிந்து திரும்பின. புதிய அறிவிப்பு தந்த உற்சாகமும் அதில் உண்டு என்பதால், அதை மட்டும் வைத்து எதையும் நிறுவ நான் துணியமாட்டேன். அபராதம் இல்லாவிட்டால் நூலகம் காலியாகிவிடும் என்ற அச்சம் பொய்த்தது, அவ்வளவுதான்.

இதைவிட வலுவான சான்று, யாரும் எதிர்பாராத இடத்தில், இந்திய அரசின் சொந்த நிதி விதிகளில் இருக்கிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2005ஆம் ஆண்டுப் பதிப்பிலும் 2017ஆம் ஆண்டுப் பதிப்பிலும், ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது எடுத்துப் பார்க்கப்பட்ட 1,000 நூல்களுக்கு 5 நூல் தொலைவது இயல்பு என்று ஏற்கின்றன. அந்த இழப்பில் நேர்மையின்மையோ அலட்சியமோ இருக்கக் கூடாது, ரூ. 1,000க்கு மேல் விலையுள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால் விசாரிக்க வேண்டும். இந்தக் கணக்கு எதை அடிப்படையாக வைக்கிறது என்று பாருங்கள்: அலமாரியில் உள்ள நூல்களை அல்ல, வாசகர் கைக்குப் போன நூல்களை. 400 பிள்ளைகள் வாரம் ஒரு நூல் வீதம் 40 வாரம் எடுத்தால் 16,000 வழங்கல். அந்த விகிதப்படி 80 நூல் வரை பொறுத்துக்கொள்ளலாம். எதையும் வழங்காமல் பூட்டி வைத்தவருக்குச் சலுகை பூஜ்யம். மாநிலப் பள்ளிகளை இந்த விதி கட்டுப்படுத்தாதுதான். இருந்தாலும் ‘நூல் குறைந்தால் தணிக்கை விடாது’ என்பதை இயற்கையின் சட்டம் போலப் பேசுபவர்களுக்கு, தணிக்கையின் மொழியிலேயே வேறொரு வழி எழுதிவைத்திருப்பதைக் காட்ட முடியும்.

ஏழைப் பள்ளி 80 நூலுக்கு எங்கே போகும் என்ற கேள்வி நியாயமானது. மறுபடி வாங்கப் பணம் ஒதுக்காமல் இழப்பை மட்டும் மன்னித்தால் ஐந்தாறு ஆண்டில் அடுக்கு இளைத்துவிடும். ஆகவே இரண்டும் ஒரே உத்தரவில் வர வேண்டும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் கதை நூல்கள் உட்பட நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. ஒரு முறை வாங்கிப் பூட்டிவிட்டால் அந்த வரி நிறைவேறியதாகாது. பொறுப்புணர்வு கற்பிக்க வேண்டாமா என்றும் கேட்பார்கள். கற்பிக்கலாம். வாரந்தோறும் கெடு தாண்டியவர் பெயரைப் பார்த்து, அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, ‘முடிச்சிட்டியா, இன்னும் ஒரு வாரம் வேணுமா?’ என்று கேட்பதும் கற்பித்தல்தான். பள்ளியை விட்டுப் போகும் நாளில் டிசியை நிறுத்திவைத்து நூலைக் கேட்பதால் பொறுப்பு வளராது. அதே வேளையில், பீரோவுக்குள் கரையான் அரித்துப்போன நூல்களுக்காக எந்தப் பிள்ளையின் டிசியும் நின்றதில்லை.