பவளத்திட்டின் மாற்றத்தை அளத்தல்: குலுக்க வேண்டிய அலகு எது?

மன்னார் வளைகுடாவில் 2016 கோடையில் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. உயிருள்ள பவளப் பரப்பு 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7 விழுக்காடாகச் சரிந்ததைத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் பதிவு செய்தது. இழப்பு எவ்வளவு என்பதை இந்தச் சராசரி சொல்லிவிடுகிறது. எது போய் எது மிஞ்சியது என்பதைச் சொல்லாது.

பவளத்திட்டின் மேல் 20 மீட்டர் நாடாவை விரித்து, அதன் அடியில் இருப்பது எந்தப் பவளம், எங்கே பாசி, எங்கே மணல் என்று முக்குளிப்பவர் செ.மீ. கணக்கில் குறித்து வருவார். ஒரு திட்டில் கிளைப்பவளம் 30 விழுக்காடும் உருண்டைப்பவளம் 10 விழுக்காடும் இருந்தன எனக் கொள்ளலாம். சில ஆண்டுகளில் அது 10, 30 எனத் தலைகீழானால் மொத்தப் பரப்பு அதே 40தான். ஆனால் மீன்குஞ்சுகள் ஒளிந்து வாழும் கிளைக்காட்டில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்திருக்கும். இரு அளவீடுகளுக்கு இடையிலான விலகலைக் கணக்கிடும் பிரே–கர்ட்டிஸ் குறியீடு இதைப் பிடித்துவிடுகிறது. வேறுபாடுகளின் கூட்டுத்தொகை 40; இருமுறை அளந்தவற்றின் மொத்தம் 80; ஆகவே விலகல் 0.5. சுழி என்றால் முழு ஒற்றுமை. 1 என்றால் பொதுவான இனம் ஒன்றுகூட இல்லை. 1957இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் காடுகளை ஆராயக் கையாண்ட கணக்கு இது. மேற்குத் தொடர்ச்சி மலையின் செண்பகத்தோப்புக் காட்டுக்கும் கடலடிப் பவளத்துக்கும் ஒருசேரப் பொருந்தும்.

விலகல் உண்மையானதா, தற்செயலா என்று பார்க்கக் கிளார்க் 1993இல் விளக்கிய அனோசிம் முறையும், ஆண்டர்சன் 2001இல் தந்த பெர்மனோவா முறையும் பரவலாக வழங்குகின்றன. இரண்டுக்கும் அடிப்படை சீட்டுக் குலுக்கல். குழுப் பெயர்களைச் சீட்டுகளாகக் கருதிக் கலைத்துக் கலைத்துப் போட்டு, கிடைத்த வேறுபாடோ அதைவிடப் பெரியதோ எத்தனை முறைக்கு ஒருமுறை வருகிறது என்று எண்ணுவார்கள். எதைக் கலைப்பது என்பதில்தான் பிழை நுழைகிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளில் வேம்பார்க் குழுவில் 3, தூத்துக்குடிக் குழுவில் 4. இந்த 7 தீவுகளை 3, 4 என இரு குழுக்களாகப் பிரிக்க மொத்தம் 35 வழிகளே உண்டு. ஆகவே எவ்வளவு பெரிய வேறுபாடு இருந்தாலும் நிகழ்தகவு 35இல் ஒன்றுக்கு, அதாவது சுமார் 0.029க்கு, கீழே இறங்க வழியில்லை. தீவுக்குப் பத்து நாடா விரித்து, அந்த 70 நாடாக்களையும் தனித்தனிச் சீட்டாகக் குலுக்கினால் 0.001 எளிதாக வந்துவிடும். அது போலி உறுதி. ஒரே தீவைச் சுற்றிய நாடாக்கள் ஒரே நீரோட்டத்தில், ஒரே கலங்கலில் கிடப்பவை. அவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணக் கூடாது. இத்தகைய போலிப் பெருக்கத்தை ஹர்ல்பெர்ட் 1984இலேயே கண்டித்தார்.

இன்னொரு சிக்கல் சிதறல், அதாவது ஒரே குழுவுக்குள் அளவுகள் வேறுபடும் அளவு. குழுக்களின் மையம் நகராமல் சிதறல் மட்டும் மாறினாலும் இச்சோதனைகள் வேறுபாடு என்று காட்டக்கூடும். அதைத் தனியே சோதிப்பது கட்டாயம். நெருக்கடிக்கு உள்ளான திட்டுகள் ஒன்றோடொன்று ஒவ்வாமல் போவதும் உண்டு என்பதால், சிதறல் வெறும் தொல்லையன்று. அதுவே ஒரு கண்டுபிடிப்பாக அமையலாம்.

காரணத்தை நிறுவ, முன்–பின் அளவுகளைப் பாதிப்புள்ள இடத்திலும் பாதிப்பற்ற இடத்திலும் ஒப்பிட வேண்டும். வெப்பத்துக்கு இது கைகொடுக்காது. வளைகுடாவின் 21 தீவுகளும் ஒரே சூட்டில் கிடந்தன, ஒப்பிட விலகி நின்ற திட்டு எதுவும் இல்லை. ஆற்று வெள்ளத்துக்குக் கைகொடுக்கும். செண்பகத்தோப்பு ஓடைகள் வைப்பாற்று வடிநிலத்தைச் சேர்ந்தவை. கண்மாய்கள் நிறைந்து மறுகால் பாயும் ஆண்டுகளில் மலைமண் கலந்த நீர் சிப்பிகுளம் பக்கம் கடலில் சேர்கிறது. முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள திட்டுகளைத் தொலைவிலுள்ள மண்டபம் தீவுகளோடு ஒப்பிட்டால் வண்டலின் பங்கைப் பிரித்தறியலாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டிய 2023 டிசம்பர் மழை போன்ற நிகழ்வுக்கு இதுவே ஏற்ற அமைப்பு. ஆனால் வெள்ளம் வந்தபின் ‘முன்’ அளவை எடுக்க முடியாது. முகத்துவாரத்திலும் மண்டபத்திலும் ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் நாடா விரித்தாக வேண்டும்.