ஊழும் அவல நாயகனும்



கிரேக்க அவல நாடகம் என்றதும் நம்மிற் பலருக்கு உடனே நினைவுக்கு வருவது விதி என்னும் சொல்தான். விதி மனிதனை ஆட்டிப் படைக்கிறது. அவன் தப்பி ஓடப் பார்க்கிறான். ஈற்றில் அதன் வலையிலேயே வீழ்கிறான். இதுவே அந்நாடகங்களின் சாரம் என்று பலமுறை கேட்டிருக்கிறோம். இவ்விளக்கம் முற்றிலும் பிழையென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அது பாதி வழியில் நின்றுவிடும் விளக்கம். சோபோக்கிளிஸ் இயற்றிய 'ஈடிப்பஸ் மன்னன்' நாடகத்தைத் துணைக்கொண்டு மீதி வழியையும் இன்று நடந்து பார்ப்போம்.

முதலில் களத்தைக் கவனிப்போம். ஏதென்ஸ் நகரின் அக்ரொப்பொலிஸ் குன்றின் தென்சரிவில் தயோனிசஸ் தெய்வத்தின் அரங்கு இருந்தது. இளவேனிற் காலத்தில் அத்தெய்வத்துக்கு எடுக்கப்பட்ட விழாவிலே நாடகப் போட்டி நடைபெற்றது. கவிஞர் மூவர் போட்டியிடுவர். ஒவ்வொருவரும் மூன்று அவல நாடகங்களையும், அவற்றுக்குப் பின் கேலியும் களிப்பும் நிறைந்த ஒரு நாடகத்தையும் அளிக்க வேண்டும். நடிகர் அனைவரும் ஆண்கள். முகமூடி அணிந்து நடித்தனர். எஸ்கிலஸ் இரண்டாவது நடிகரைப் புகுத்தினார். மூன்றாவது நடிகரைக் கொண்டுவந்தவர் சோபோக்கிளிஸ் என்கிறார் அரிஸ்டோட்டில். நூற்றியிருபதுக்கு மேற்பட்ட நாடகங்களை சோபோக்கிளிஸ் எழுதியதாகக் கூறுவர். முழுமையாக நமக்குக் கிடைத்திருப்பவை ஏழே ஏழு.

அங்கே கூடியிருந்த மக்களுக்கு ஈடிப்பஸின் கதை புதிதன்று. ஹோமரின் 'ஒடிசி' காவியத்திலேயே அது வருகிறது. தந்தையைக் கொன்றான், தாயை மணந்தான், உண்மை வெளிப்பட்டதும் தாய் தூக்கிட்டு மாண்டாள் என்பன அங்கும் உண்டு. ஆனால் ஹோமர் காட்டும் ஈடிப்பஸ் அதன் பின்னரும் தீப்ஸ் நகரை ஆண்டுகொண்டிருக்கிறான். அவன் தன் கண்களைக் குத்திக்கொண்டதாக அங்கே பேச்சில்லை. கதையின் அடித்தளம் ஒன்றே; அதன்மேல் எதைக் கட்டுவது என்பது கவிஞனின் தெரிவாக இருந்தது.

எஸ்கிலஸ் கி.மு. 467இல் இதே குடும்பக் கதையை மூன்று நாடகங்களாக்கினார். அவற்றுள் எஞ்சியிருப்பது கடைசி நாடகமாகிய 'தீப்ஸுக்கு எதிராக எழுவர்' மட்டுமே. மகப்பேறின்றி இறந்தால் உன் நகரம் பிழைக்கும் என்று டெல்பியிலுள்ள அப்பொலோவின் வாக்கு லாயஸ் மன்னனை மும்முறை எச்சரித்தது. அவன் கேட்கவில்லை. தந்தை செய்த பிழை மகனையும் பேரன்மாரையும் தொடர்கிறது. இங்கே விதி என்பது ஒரு குலத்தின்மேல் விழுந்த சாபம். அதற்கு ஒரு காரணம் உண்டு.

சோபோக்கிளிஸ் இந்தக் காரணத்தை எடுத்துவிட்டார். அவருடைய நாடகத்தில் லாயஸுக்குக் கிடைத்த வாக்கு எச்சரிக்கையன்று; உன் மகன் கையால் நீ இறப்பாய் என்னும் வெறும் செய்தி. ஏன் என்ற கேள்விக்கு நாடகம் முழுவதிலும் விடையில்லை. இது மிகவும் கவனிக்கற்பாலது.

கிரேக்கர் விதியை 'மொய்ரா' என்றனர். பங்கு, பகுதி என்பதே அச்சொல்லின் அடிப்பொருள். பகுதியைக் குறிக்கும் 'பால்' என்னும் நம் பழந்தமிழ்ச் சொல் ஊழையும் குறித்தது என்பது இங்கே நினைக்கத்தக்கது. ஆயினும் சொல்லளவில் காணும் ஒப்புமை பொருளளவில் நீடிப்பதில்லை. நாம் ஊழ் என்னும்போது முற்பிறப்பில் செய்த வினையின் பயன் என்ற எண்ணமும் உடன் வந்துவிடுகிறது. துன்பப்படுகிறவன் எப்போதோ ஏதோ செய்திருக்கிறான் என்று மனம் ஒரு கணக்கை முடித்துக்கொள்கிறது. சோபோக்கிளிஸின் நாடகத்தில் அந்தக் கணக்கு இல்லை. ஈடிப்பஸ் பிறக்கும் முன்பே அவன் பங்கு பேசப்பட்டுவிட்டது. அதற்கு ஈடாக அவன் செய்த வினை என்று ஒன்றும் இல்லை.

ஆனால் விதி செய்ய வேண்டியதையெல்லாம் நாடகம் தொடங்குமுன்பே செய்து முடித்துவிட்டது. கொலையும் திருமணமும் பல ஆண்டுகளுக்கு முந்தியவை. மேடையில் நாம் காண்பது ஒரு விசாரணையை. நகரில் கொள்ளைநோய் பரவியிருக்கிறது. லாயஸைக் கொன்றவனைக் கண்டுபிடித்து அகற்றினால் நோய் நீங்கும் என்று டெல்பியிலிருந்து செய்தி வருகிறது. மன்னன் ஈடிப்பஸ் கொலையாளியைச் சபித்துவிட்டுத் தேடத் தொடங்குகிறான். குருட்டு ஞானி தைரேசியஸ், என்னை வீட்டுக்குப் போகவிடு என்று மன்றாடுகிறான். மனைவி யொக்காஸ்தா, உண்மையை உணர்ந்த கணத்தில், இனித் தேடாதே என்று கெஞ்சுகிறாள். அன்று குழந்தையைக் காப்பாற்றிய முதிய இடையனும், மேலும் கேளாதே என்கிறான். மூன்று பேர் மூன்று இடங்களில் கதவை மூடப் பார்க்கின்றனர். மூன்று முறையும் ஈடிப்பஸ் அதைத் திறக்கிறான். எந்தத் தெய்வ வாக்கும் அவனை இவ்வாறு தேடும்படி கட்டாயப்படுத்தவில்லை. கொலையாளியைத் தேடு என்றுதான் சொல்லப்பட்டது. நீ யாரென்று தேடு என்று யாரும் சொல்லவில்லை.

அவன் பார்வை இழப்பான் என்று தைரேசியஸ் முன்கூட்டியே சொல்லவில்லையா என நேயர்கள் கேட்கலாம். சொன்னான். ஆனால் முன்னறிதல் வேறு, ஏவுதல் வேறு. கண்ணைக் குத்திக்கொண்டு வெளியே வரும் ஈடிப்பஸிடம், எந்தத் தெய்வம் உன்னைத் தூண்டியது என்று பாடற்குழு கேட்கிறது. துன்பங்களைக் கொண்டுவந்தவன் அப்பொலோ என்றும், குத்திய கை தன்னுடையதே என்றும் அவன் பிரித்துச் சொல்கிறான். இந்த ஒரு விடையில் நாடகம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு.

அவல நாயகனிடம் ஏதோ ஒரு குணக்கேடு இருக்க வேண்டும், அதுவே அவனை வீழ்த்துகிறது என்று அரிஸ்டோட்டிலின் பெயரால் பலர் எழுதியுள்ளனர். ஈடிப்பஸுக்குச் செருக்கு, முற்கோபம் என்று பட்டியலும் இடுவர். அவன் கோபக்காரன் என்பது மெய்தான். ஆனால் அரிஸ்டோட்டில் 'கவிதையியல்' நூலில் பயன்படுத்தும் சொல் 'ஹமார்த்தியா'. எறிந்த ஈட்டி இலக்கைத் தவறவிடுவதைக் குறிக்க ஹோமர் கையாண்ட வினைச்சொல்லின் உறவு அது. குறி தவறுதல் என்று நாம் சொல்லலாம். மூன்று வீதிகள் கூடும் இடத்தில், வழிவிடாமல் தன்னைத் தள்ளி, தலையில் அடித்த ஒரு கிழவனை ஈடிப்பஸ் திருப்பி அடித்தான். அக்கிழவன் தன் தந்தை என்று அவனுக்குத் தெரியாது. அறியாமையால் நேர்ந்த தவறு அது. அதைத் தண்டனைக்குரிய குணமாக்குவது நாடகத்தை ஒரு நீதிக்கதையாகச் சுருக்கிவிடும். அயர்லாந்து அறிஞர் இ. ஆர். டொட்ஸ் 1966இல் வெளியிட்ட கட்டுரையில் இதனை வலுவாக எடுத்துக்காட்டினார்.

ஏதென்ஸ் மக்களுக்கு இந்த வேறுபாடு நன்கு தெரிந்தது. வேண்டுமென்றே செய்த கொலையையும் கருதாமல் நேர்ந்த கொலையையும் பிரித்துப் பார்த்தது டிராக்கோவின் சட்டம். அச்சட்டம் கி.மு. 409ஆம் ஆண்டளவில் மீண்டும் கல்லில் பொறிக்கப்பட்டது. சில ஆண்டுகளில், ஏறத்தாழத் தொண்ணூறு வயதில் சோபோக்கிளிஸ் காலமானார். அவர் இறுதியாக எழுதிய 'கொலோனஸில் ஈடிப்பஸ்' கி.மு. 401இல் மேடையேறியது. அதிலே முதியவனான ஈடிப்பஸ், அறியாமலும் தற்காப்புக்காகவும் செய்தேன், சட்டத்தின் முன் நான் தூயவன் என்று வாதிடுகிறான். முன்னைய நாடகத்தில் தனக்குத் தானே தண்டனை விதித்தவனும் அவனே. குற்றமற்றவன் என்பதும் உண்மை. செய்த கை தன்னுடையதே என்பதும் உண்மை. இரண்டையும் ஒருசேரத் தாங்குகிற மனிதனையே நான் அவல நாயகன் என்பேன்.

'ஈடிப்பஸ் மன்னன்' மேடையேறிய ஆண்டு உறுதியாகத் தெரியவில்லையெனினும், கி.மு. 429ஐ ஒட்டியது எனப் பலர் கருதுவர். அதற்குச் சற்று முன், கி.மு. 430இல், ஏதென்ஸைக் கொடிய கொள்ளைநோய் தாக்கியது. தலைவர் பெரிக்கிளிஸ் மறு ஆண்டில் இறந்தார். தாமும் அந்நோயில் விழுந்து பிழைத்த வரலாற்றாசிரியர் துசிடிடிஸ், பழைய தீர்க்கதரிசனம் ஒன்றில் வந்த சொல் கொள்ளைநோயா பஞ்சமா என்று மக்கள் தர்க்கித்ததைப் பதிவுசெய்துள்ளார். நல்லவரும் தீயவரும் ஒன்றாய் மடிந்த அந்த நாட்களில், நாம் என்ன பாவம் செய்தோம் என்ற கேள்வி எத்தனை வீடுகளில் எழுந்திருக்கும்! அந்த மக்கள்முன் சோபோக்கிளிஸ் ஈடிப்பஸை நிறுத்தியிருப்பாராயின், துன்பம் எப்போதும் தண்டனையன்று என்பதையே அவன் அவர்களுக்குக் காட்டியிருப்பான்.

துன்புற்றவரைக் கண்டு அவர் செய்த வினை என்று சொல்ல நா எழும்போது இந்நாடகத்தை நினைத்துக்கொள்வது நல்லது. தீப்ஸ் மக்கள் அந்தக் குருட்டு மன்னனைக் கண்டு நடுங்கினர், இரங்கினர். நீ இதற்குத் தகுந்தவன் என்று மட்டும் சொல்லவில்லை.

அடுத்த உரையில் ஈடிப்பஸின் மகள் அந்திகொனியைச் சந்திப்போம்.