காட்டு நெல்லிக்காயும் எழுபத்தைந்து வருஷக் கணக்கும்

நியூஜெர்சியில் ஜூன் கடைசி வந்தால் நம்மவர்கள் குடும்பம் குடும்பமாக ப்ளூபெர்ரி தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவோம். வாளியில் இருப்பதற்குத்தான் காசு. பறிக்கும்போதே பிள்ளைகள் வாய்க்குள் போவது கணக்கில் வராது. (வங்கிக்காரனுக்கே பிடித்த கணக்கு!)

இந்தப் பழமும் ஒரு காலத்தில் காட்டுப்பழம்தான். எலிசபெத் ஒயிட் என்ற பெண்மணி, காட்டில் பழம் பொறுக்குகிறவர்களிடம் சொல்லிவைத்து, பெரிய பழம் காய்க்கும் செடிகளைக் காசு கொடுத்துத் தேடினார். அப்படி வந்த செடிகளுக்குக் கண்டுபிடித்தவர்களின் பெயரையே வைத்தார். தோட்டத்தில் விளைந்த முதல் பழம் 1916-ல் விற்பனைக்கு வந்தது.

இதைப் படித்தபோது எனக்கு கோபிநத்தம்தான் ஞாபகம் வந்தது. நான் மேட்டூர்ப் பக்கத்துக்காரன். எங்களுக்கு மேற்கே, காவிரிக்கு அக்கரையில், கர்நாடக எல்லைக்குள் இருக்கிற தமிழ் ஊர் அது. பெயரைச் சொன்னாலே எல்லோரும் "வீரப்பன் ஊரா?" என்பார்கள். அவர் 1952-ல் அங்கே பிறந்தார் என்பது உண்மை. அதே ஊருக்கு மாரியம்மன் கோயில் கட்டிக்கொடுத்த வனத்துறை அதிகாரி ஸ்ரீநிவாஸ், சரணடைகிறேன் என்ற பேச்சை நம்பிப் போய் 1991 நவம்பரில் கொல்லப்பட்டார் என்பதும் உண்மை. ஆனால் அந்த ஊரின் சரித்திரம் துப்பாக்கியோடு முடிந்துவிடவில்லை.

அந்தப் பக்கத்து மலைக்காடுகளில் நெல்லி, புளி, சீயக்காய், தேன் எல்லாம் உண்டு. மலை நெல்லியைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் வரும் இனிப்பை நம் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? மலைவாசிகளுக்கு அது தின்பண்டம் மட்டுமில்லை, வருமானமும்கூட. வனவிலங்குச் சட்டத்தின் 2002 திருத்தம் அதில்தான் கை வைத்தது. சரணாலயத்துக்குள் சொந்தத் தேவைக்கு எடுக்கலாம், விற்கக் கூடாது என்றது. கோபிநத்தத்தைச் சுற்றி இருப்பது காவிரி வனவிலங்கு சரணாலயம்.

2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. பழம், தேன் சேகரித்து விற்கும் உரிமையை அது ஒப்புக்கொண்டது. பக்கத்து பிளிகிரி ரங்கன் மலையில் சோலிகர் கிராம சபைகளுக்கு 2011-ல் அந்த உரிமை எழுத்தில் கிடைத்தது.

பழங்குடிப் பட்டியலில் இல்லாதவர்களுக்கு மட்டும் ஒரு நிபந்தனை உண்டு. 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததாகக் காட்ட வேண்டும். கணக்குப் போட்டால் 1930. கோபிநத்தத்தில் பெரும்பாலோர் இந்த வகைதான்.

1930-ல் அந்தப் பக்கம் என்னவாக இருந்தது? கொள்ளேகால் தாலுகா அப்போது சென்னை மாகாணத்தில், கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. கீழே மேட்டூர் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள் (1925-34). 1956 நவம்பர் 1-ல்தான் தாலுகா மைசூர் மாநிலத்துக்குப் போனது. மைசூர் ஜில்லாவிலிருந்து 1997-ல் சாமராஜநகர் பிரிந்தது. ஜனங்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், கச்சேரிதான் ஊர் ஊராக மாறியது. மாகாணமே இல்லாமல் போன பிறகு அந்தக் காலத்துக் காகிதத்தை எங்கே போய்க் கேட்பது?

கடன் மனுக்களோடு இருபது வருஷம் குப்பை கொட்டியவன் என்பதால் சொல்கிறேன். காகிதம் இல்லாதவன் பொய்யன் என்று அர்த்தமில்லை. இந்தச் சட்டத்தின் விதிகளே ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியையும் எழுதி வாங்கினால் சாட்சியாக ஏற்கச் சொல்கின்றன. எந்த மரம் எந்த மாதம் காய்க்கும் என்று தாத்தா சொல்லக் கேட்ட கிழவர்கள் இன்னும் இருக்கும்போதே அதை எழுதி வாங்கிவிட வேண்டும்.